ஆம்பிளை வருத்தம்

விஸ்வலிங்கத்தின் ஆசை கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் எங்கோ அதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, பஞ்சு சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். பெட்டி பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, சூலியா தெருவில் டாக்டர் தம்புவின் டிஸ்பென்சரிக்கு வரும். அங்கே கம்பவுண்டர் முகம்மது கனி குப்பியின் கழுத்தைச் சின்ன அரத்தால் கீறி உடைத்து, உள்ளே இருக்கும் எண்ணெயை ஊசியில் ஏற்றி, விஸ்வலிங்கத்தின் பின்புறத்தில் குத்துவார். அதற்கப்புறம்தான் ஆசை விஸ்வலிங்கத்துடையது.

அவர் நகரத்தில் தண்ணீர் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; ஆபீசை அவர் கந்தோர் என்பார். யாழ்ப்பாணத்தார். வெள்ளைக் கோட்டும் மடிப்புக் கலையாத காற்சட்டையும் போட்டு ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஊரில் குழாயில் தண்ணீர் நின்றால் ஜனங்கள் அவரைத்தான் திட்டுவார்கள். அவருடைய சொந்தக் குழாயில் தண்ணீர் நின்ற கதை யாருக்கும் தெரியாது.

அது கூகைக்கட்டால் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கி வருமே, அதுதான். யாழ்ப்பாணத்தார் எல்லா நோயையும் வருத்தம் என்பார்கள். இதைப் பிள்ளைகளின் வருத்தம் என்பார்கள். விஸ்வலிங்கத்துக்கு அது முப்பது வயதைத் தாண்டி, கலியாணமாகி, அருந்ததி என்ற ஒரு பெண்பிள்ளையும் பிறந்த பிறகு வந்தது. கன்னம் வற்றியது. வீக்கம் கீழே இறங்கியது. ஒரு வாரம் கால்களை அகட்டி வைத்துப் படுத்திருந்தார். பிறகு எழுந்து கந்தோருக்குப் போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். எல்லாம் முடிந்துதான் போயிருந்தது.

முடியாமல் போனதல்ல விஷயம். வேண்டாமல் போனதுதான். மனைவி ஞானாம்பிகை பக்கத்தில் படுத்திருப்பது, பக்கத்தில் அலமாரி நிற்பது போல ஆயிற்று. அலமாரி மீது அவருக்குக் கோபம் கிடையாது. பசி போனவன் சோற்றுக்கு அழமாட்டான் அல்லவா, அவரும் அழவில்லை. மாறாகக் கோயிலுக்குப் போனார். கமிட்டியில் சேர்ந்தார். மார்கழியில் விடியப் புறப்பட்டு முதல் ஆளாக நின்றார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விரட்ட வேண்டியிருந்த சிந்தனைகள் இவருக்கு வரவே இல்லை. ஊர் அவரைச் சிவப்பழம் என்றது. அவரும் நம்பினார்.

காரணமில்லாமல் உடம்பு குப்பென்று சூடேறி வியர்க்கத் தொடங்கியதும்தான் டாக்டரிடம் போனார். டாக்டர் தம்புவும் யாழ்ப்பாணம். கப்பலில் வரும் வைத்தியப் பத்திரிகைகளைப் பக்கம் விடாமல் படிக்கிறவர். கதவைச் சாத்தி, காற்சட்டையை இறக்கச் சொல்லி, சந்தையில் வெங்காயம் பொறுக்குகிறவர் மாதிரி உருட்டிப் பார்த்தார்.

“அந்த நினைப்பு எப்பவாவது வாறதோ?”

“எந்த நினைப்பு, டாக்டர்?”

“அதைத்தான் கேட்டனான். பதில் கிடைச்சிட்டுது.” கையைக் கழுவினார். “கூகைக்கட்டு கீழ இறங்கியிருக்கு, விஸ்வலிங்கம். ரெண்டும் உள்ளிப் பல்லு மாதிரிச் சுருங்கிப்போச்சு. பக்டறி மூடியாச்சு. இனிச் சாமானை வெளியில இருந்துதான் இறக்கோணும்.”

“என்ன சாமான்?”

“ஆம்பிளைக்கு உள்ளுக்க ஊறுற சாமான். இப்ப அதைச் செய்து எண்ணெயில கரைச்சு விக்கிறான்கள்.”

கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஊசி. முதல் வாரம் பின்புறம் வலித்தது, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒரு பகல், கந்தோரில் குழாய் வால்வுகளுக்கு ஓர்டர் எழுதிக்கொண்டிருந்தபோது, ஞானாம்பிகை குசினியில் தேங்காய் துருவும்போது அவளுடைய குதிக்கால் சேலைக்கு வெளியே தெரிவது நினைவுக்கு வந்தது. வெறும் குதிக்கால். அதற்கும் வால்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேனாவை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார். குதிக்கால் சன்னலிலும் இருந்தது. அன்று பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் வரைக்கும் கூடவே வந்தது.

கோயில் கமிட்டிக்கு ஆளனுப்பி, அன்றைக்குக் கூட்டத்துக்கு வர முடியாது என்று சொன்னார்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் இருந்தது. சூலியா தெருவில் ஒரு சீனத் தவுக்கே, பெரிய கடை முதலாளி, குறை ஒன்றும் இல்லாதவர், மூன்றாவது மனைவி எடுத்த உற்சாகத்தில் அதையே கேட்டு வந்தார். டாக்டர் தம்பு தரமாட்டேன் என்றார். “வத்தின கிணத்துக்குத்தான் இது. நிறைஞ்ச கிணத்தில ஒரு வாளி ஊத்தினா ஆருக்குத் தெரியப்போகுது?” தவுக்கே கோபித்துக்கொண்டு புலி எலும்புச் சாராயத்துக்குத் திரும்பினார்.

வீட்டில் விஸ்வலிங்கம் சொன்ன பெயர், ஈரல் சத்து ஊசி. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தப் புருஷன் தன் மனைவியிடம், நேற்று உன்னைத் தொட்டது நானல்ல, கப்பல் சரக்கு என்று சொல்வான்? அவளுக்குத் தெரியாத வரைக்கும் அது அவர். தெரிந்த பிறகு அது எண்ணெய். இதைக் காப்பாற்றத்தான் அவர் ஈரலைப் பிடித்தார்.

ஞானாம்பிகை யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். ஈரலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காலத்திலிருந்து அவருடைய தேநீர் ஒரு தனி எனாமல் கோப்பையில் வந்தது. அவர் இடுப்பில் கட்டும் சாரங்களைத் தனியே கொதிநீரில் போட்டு அவித்தாள். சுத்தக்காரி என்று அவர் பெருமைப்பட்டார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான்.

முதலில் குண்டு. மார்கழி மாதத்து வெயிலில் விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் மேல் விழுந்தது. டிஸ்பென்சரியின் முன்பாதி போயிற்று. வெள்ளைக்காரர்கள் சொல்லாமல் கப்பலேறினார்கள். டாக்டர் தம்பு தெற்கே சிங்கப்பூர்ப் பக்கம் போனார். பிறகு அவரைப் பற்றிப் பேச்சே வரவில்லை. சில நாள் கழித்து முகம்மது கனி இடிந்த சுவருக்குப் பக்கத்தில் பலகை போட்டு, செம்பனை எண்ணெயில் காய்ச்சிய துணி துவைக்கும் சவர்க்காரம் விற்றுக்கொண்டிருந்தார். விஸ்வலிங்கத்தைக் கண்டதும் பலகைக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

“அண்ணே, டாக்டர் ஐயா மேசைக்குக் கீழ கெடந்துச்சு. ரெண்டு பெட்டி. அரமும் ஊசியும் உள்ள வச்சிருக்கேன். இதுக்கு உங்களத் தவிர ஆள் கெடையாது, கொண்டு போங்க.”

“இனி வருமோ, கனி?”

“எங்கேருந்து வரும்? கப்பலெல்லாம் ஹபிஸ் லா, தீந்துபோச்சு. சுருக்கிப் போடுங்க.”

“சுருக்கிப் போட்டா வேலை செய்யுமோ?”

“ஆசையும் சுருங்கும்ணே. வேற என்ன? இந்த எண்ணெய் ரெண்டு மூணு நாளைக்கு மேல ஒடம்புல நிக்காதுன்னு ஐயாவே சொல்வாரு.” தொடையில் எந்த இடத்தில் குத்துவது என்று சவர்க்காரக் கட்டியில் குத்திக் காட்டினார். “பயந்து பயந்து குத்தாதீங்க. பயந்தா ரெண்டு தடவ குத்தணும்.”

மருந்து பதுக்கினால் தலை போகும் என்று பேச்சிருந்தது. விஸ்வலிங்கம் பெட்டிகளைச் சாமியறை அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தார். ஜப்பான்காரன் சாமியைத் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டார். அந்த அலமாரியைத் தினமும் தொடுகிறவளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“சத்து மருந்து. ஆரும் கேட்டாத் தெரியாது எண்டு சொல்லும்” என்றார்.

“ஓம்” என்றாள் ஞானாம்பிகை. ஒரு ஓமுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஊசியைச் சுருக்கினார். முதலில் கிழமைக்கு ஒன்று. பிறகு நினைத்தபோது ஒன்று. ஆசை பிறநாட்டு ரேடியோ மாதிரி ஆயிற்று. ஒரு சமயம் தெளிவாகப் பாடும், அடுத்த சமயம் இரைச்சல்தான். முதல் பெட்டி முடிந்தது. இரண்டாவதை அவசரத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். அந்த அவசரம் வரவே இல்லை. அவசரமும் குப்பிக்குள்தான் இருந்தது. மருந்தை நிறுத்தினவனுக்கு மருந்து வேண்டும் என்ற எண்ணமும் நின்றுபோகும் என்று கனி சவர்க்காரத்தில் குத்திக் காட்டவில்லை.

ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது. அரிசி போனது. சீனி போனது. மரவள்ளிக்கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி விருந்தாளி வந்தால் கிழங்கில் செய்த பலகாரம். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வெயில் பல்லைக் காட்டியது.

விஸ்வலிங்கத்துக்கு அந்தக் காலம் வினோதமாக ஒத்துவந்தது. சவர அலகு கிடைக்காமல் மற்றவர்கள் தாடியோடு திரிய, தாடி சரியாக முளைக்காத அவருக்கு ஒரே அலகு மாதக்கணக்கில் வந்தது. கந்தோருக்குப் புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி முன்னால் குனிந்து கும்பிடும்போது பழைய சூடு குப்பென்று ஏறி, நெற்றியிலிருந்து வியர்வை தரையில் சொட்டும். அதிகாரி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். மற்றக் கிராணிமார் அறை வாங்கிய நாட்களிலும் இவருக்கு ஒரு தலையசைப்புக் கிடைத்தது.

எல்லாவற்றையும் விட, கோப்பிக் கடை. கந்தோரில் குழாய் பொருத்தும் அய்யாக்கண்ணு என்பவர் அங்கேதான் சபை நடத்துவார். கோப்பி என்பது கருக்கிய சோளம்.

“நாலு புள்ள பெத்தவன் நானு. இப்பப் பொண்டாட்டி கையத் தொட்டா, கெழங்கு வெந்துருச்சான்னு கேக்குறேன்.”

“வெந்தாலும் நிக்குமா அண்ணே?” என்றான் ஒருவன்.

“ஏன்டா, சப்பான்காரன் கொடி ஒண்ணுதான்டா இந்த ஊர்ல நிக்குது!”

கடைக்காரன் பயந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தான். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அய்யாக்கண்ணு விஸ்வலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “கிராணியாருக்கு எப்புடி? பெரிய எடம், கேக்கக் கூடாது.”

“எனக்கும் கிழங்குதான்” என்றார் விஸ்வலிங்கம்.

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பட்டினி உடம்பில் ஆசை ஊறாது. பினாங்கு முழுவதும் அவர் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஆண்களோடு ஆணாக உட்கார்ந்து இன்னொரு கோப்பை சோளம் குடித்தார்.

ஞானாம்பிகைக்கு அந்த மாதிரிச் சபை எதுவும் இல்லை. யுத்தத்துக்கு முன்னால் அருந்ததியை யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் படிக்க விட்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வரி வருவதில்லை. பிள்ளையின் சேதி வரும் வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்கு விளக்கு வைப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். நல்லெண்ணெய் முதலில் மறைந்தது. பிறகு தேங்காயெண்ணெய். செம்பனை எண்ணெய் கரும்புகை கக்கியது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அகலில் ஒரு சின்னச் சுடர் புகையில்லாமல் நின்றது; ஒரு தேவாரம் பாடி முடிக்கும் நேரம் எரியும். என்ன எண்ணெய் என்று விஸ்வலிங்கம் கேட்டதில்லை. சோறு எப்படி வந்தது என்று கேட்காதவர், சுடர் எப்படி வந்தது என்றா கேட்பார்?

ஒரு வியாழக்கிழமை அவள் குசினியில் குந்தியிருந்து கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று தண்ணீர் குடித்தார்.

“இஞ்சருங்கோ.”

“என்ன?”

“விரதம் எப்ப முடியும்?”

“எந்த விரதம்?”

அவள் கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் மனசில ஒண்டும் வைச்சிருக்கேல்லை. இவ்வளவு காலம் இருந்தது போதும். எனக்கும் வயசு போகுது.”

விரதம் என்றது அவருக்குப் புரியவில்லை. மற்றது புரிந்தது. பதில் தேடிக் கீழே பார்த்தார். சேலைக்கு வெளியே அவளுடைய குதிக்கால் இருந்தது. இதே குதிக்காலை ஒரு நாள் பஸ்ஸில் நகரத்திலிருந்து வீடு வரைக்கும் சுமந்து வந்தார். அது ஞாபகம் இருந்தது. எந்தத் தெருவில் பஸ் நின்றது என்பதுகூட ஞாபகம் இருந்தது. இப்போது அது ஒரு குதிக்கால். வெடித்து, கிழங்குத் தோல் மாதிரி இருந்தது. அவருக்குள் ஒன்றும் அசையவில்லை. அதற்கு அவர் பயந்தார். அதைவிட, அடுத்த கேள்வியை அவள் நேராகவே கேட்டுவிடுவாள் என்று பயந்தார்.

“நாளைக்கு முடியும்” என்றார்.

இரண்டாவது பெட்டி இருக்கிறது. முழுதாக. நாளையிலிருந்து ஒழுங்காகப் போட்டால் மூன்றாவது வாரம் குதிக்கால் திரும்பக் குதிக்காலாகும். அதுவரைக்கும் வயிற்றுவலி என்று சமாளிக்கலாம். மறுநாள் கந்தோரில் நினைப்பெல்லாம் பெட்டியில் இருக்க, அவசரமாகக் கும்பிட்டபோது அவருக்கு வியர்க்கவில்லை. அதிகாரி முறைத்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஓடிவந்தார். டோக்கியோ நேரத்தில் மாலை. ஆயர் ஈத்தாம் மலையில் வெயில் இன்னும் கொதித்தது. விளக்கு விஷயத்தில் ஞானாம்பிகை சூரியனைத்தான் நம்புவாள். ஆனால் அன்று அவள் முந்திக்கொண்டிருந்தாள். தலைக்கு முழுகியிருந்தாள். நல்ல சேலை உடுத்திருந்தாள். சாமியறையில் உட்கார்ந்து, சின்ன அரத்தால் கண்ணாடிக் குப்பி ஒன்றின் கழுத்தைக் கீறி, டக்கென்று உடைத்து, அகலில் கவிழ்த்தாள். கனி உடைப்பது போலவே, ஒரு துளி சிந்தாமல்.

“என்ன செய்யிறீர்?”

“விளக்கு வைக்கிறன்.”

“அது என்ரை மருந்தெல்லோ!”

“நல்லெண்ணெய்தானே. பெட்டியில போட்டிருக்கு.” பெட்டியைத் திருப்பி விரலை வைத்தாள். மேலே இருந்த நீண்ட பெயர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராதது. கடைசி வரியில், எள்ளெண்ணெயில் கரைத்தது என்று இங்கிலீஷில் தெளிவாக இருந்தது. “சுத்தமான எண்ணெய். புகையே இல்லை, பாருங்கோ.”

“மிச்சம் எவ்வளவு?”

“இன்னும் ஒண்டு கிடக்கு.”

“பெட்டி முழுக்க இருந்ததே!”

“இவ்வளவு வெள்ளியும் என்னத்தில எரிஞ்சுது எண்டு நினைச்சீங்கள்? தண்ணியிலயோ?”

விஸ்வலிங்கம் கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். வெயிலில் சுடர் சரியாகத் தெரியவில்லை. சுடருக்குப் பின்னால் பிள்ளையார் இருந்தார். கலியாணமே வேண்டாம் என்று அரச மரத்தடியில் குந்தினவர். ஐரோப்பாவில் காய்ச்சி, கப்பலில் வந்து, குண்டுக்குத் தப்பிய ஆண்மை முழுவதையும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக வாங்கிக்கொண்டு, தொந்தியும் குலையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னைக் கேட்டிருக்கலாமே, ஞானம்.”

“என்னத்துக்கு? நீங்கள் ஊசியை விட்டுக் கன காலம். வருத்தம் மாறிட்டுது எண்டு விளங்கிட்டுது. மாறின வருத்தத்துக்கு மருந்து என்னத்துக்கு?”

“என்ன வருத்தம்?”

அவள் திரியைத் தூண்டினாள். “எனக்கு எப்பவோ தெரியும். உங்களை நான் ஒரு சொல்லுக் கேட்டனானோ? இல்லை. சிந்த்ரா தெரு வருத்தம்.”

டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் திரும்பினால் சிந்த்ரா தெரு. அங்கே மாடிச் சன்னல்களில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே போனவர்கள் கொஞ்ச நாளில் கிழமைக் கிழமை ஊசிக்கு வருவார்கள். பினாங்கில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

“ஆர் சொன்னது?”

“உங்கட கனிதான். நீங்கள் ஊசி போடத் தொடங்கின நேரம் நான் போய்க் கேட்டனான். தம்பி, இவருக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டன். ‘அது ஆம்பளைங்க வருத்தம்மா, வெளிய சொல்லக் கூடாது’ எண்டான். எனக்கும் தொத்துமோ எண்டு கேட்டன். சிரிச்சான். ‘ஊசி போடுற வரைக்கும் ஒங்களுக்குச் சந்தோசம்தாம்மா’ எண்டான். பிறகு என்னத்தைக் கேட்கிறது?”

விஸ்வலிங்கத்துக்கு மெல்லப் புரிந்தது. கனி ராமநாதபுரத்துக்காரர். அவர் ஊரில் வருத்தம் என்றால் மனத்துயரம். அவள் என்ன நோய் என்று கேட்டாள். அவர் என்ன துயரம் என்று சொன்னார். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள்.

“அதாலதான் தனிக் கோப்பையோ?”

“பின்ன? எத்தினை சாரம் அவிச்சிருப்பன்! பிறகு ஊசியை விட்டீங்கள். தள்ளிப் படுத்தீங்கள். சரி, வருத்தம் மாறிட்டுது, மனுசன் வெக்கப்பட்டு, செய்த பாவத்துக்கு விரதம் இருக்கிறார் எண்டு நினைச்சன்.” குரல் தணிந்தது. “நல்ல மனுசன் எண்டும் நினைச்சன்.”

ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே சிந்த்ரா தெருவின் விஸ்வலிங்கம் நின்றார். வீட்டுச் சாப்பாடு போதாமல் வெளியே போனவர். வேண்டியதற்கு மேல் ஆணாக இருந்து கெட்டவர். அகப்பட்டவர். திருந்தியவர். மன்னிக்கவும் பட்டவர். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு நிமிஷம் விஸ்வலிங்கம் அந்தப் பாவியாக இருந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் திருந்திய பாவி இன்று விரதத்தை முடிக்க வேண்டும். அவள் முழுகிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாவியும் ரெடி. எண்ணெய் விளக்கில் எரிகிறது.

“ஞானம், நான் அங்க போகேல்லை” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். கூகைக்கட்டு, வெங்காயம், உள்ளிப் பல்லு, கப்பல். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் பிள்ளையாரின் எலியைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் எண்ணெய் தீர்ந்து விளக்கு நூர்ந்துவிட்டது.

“ஒருக்காலும் போகேல்லையோ?”

“ஒருக்காலும்.”

ஞானாம்பிகை எழுந்தாள். அவளுக்கு வந்தது கோபம். “அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரை மன்னிச்சனான்? சும்மாவோ? பல்லைக் கடிச்சுக்கொண்டு மன்னிச்சனான்! ஒரு சொல்லுக் கதைக்காமல்! ஈரல் எண்டு சொல்ல ஈரல் எண்டு கேட்டுக்கொண்டு!”

“நீர் மன்னிச்சது எனக்குத் தெரியாதே.”

“தெரியாமல் மன்னிக்கிறதுதானே பெரிசு!”

அறைக்குள் இரண்டு நடை நடந்தாள். பிறகு நின்றாள். விஸ்வலிங்கம் இத்தனை வருஷம் ஈரலைப் பிடித்துத் தடுத்து வைத்திருந்த கேள்வி வந்தது.

“அப்ப அந்தக் காலத்தில, கந்தோரால ஓடி ஓடி வந்தீங்களே. அது நீங்களோ, எண்ணெயோ?”

அவரிடம் பொய் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

“எண்ணெய்தான். எண்ணெய் இல்லாட்டி எனக்கு ஒண்டும் வராது. இப்பவும் இல்லை.” அணைந்த அகலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “ஆனா ஊசி போட்டுக்கொண்டு வெளியில வந்தா, சிந்த்ரா தெருவால நடந்துதான் பஸ்ஸுக்கு வாறனான். மேல இருந்து கூப்பிடுவினம். எண்ணெய் உள்ளுக்க இருக்கு. நடந்து வந்து பஸ் ஏறுவன். எனக்கு உம்மட குதிக்கால்தான் ஞாபகத்தில வரும்.”

“என்ன கால்?”

“குதிக்கால். நீர் தேங்காய் துருவேக்க.”

ஞானாம்பிகை சேலையைத் தூக்கித் தன் காலைத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தப் பித்தவெடிப்பையோ? உங்களுக்கு விசர்” என்றாள். ஆனால் இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள்.

மிச்சமிருந்த ஒரு குப்பியை எடுத்து நீட்டினாள். “போடுங்கோ.”

“ஒண்டால என்ன வரும்? ரெண்டு நாளைக்கு ஒரு தும்மல் வரும்.”

“தும்மினாலும் பரவாயில்லை.”

“அடுத்த வெள்ளி அருந்ததிக்கு?”

அவள் குப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பிள்ளையார் படத்துக்குப் பின்னாலேயே வைத்தாள். அன்றைக்கு அவருடைய சோளக் கோப்பி எல்லோரும் குடிக்கும் கிளாசில் வந்தது. எனாமல் கோப்பையைக் கொல்லையில் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் படுத்திருந்தபோது அவள் தன் குதிக்காலை எடுத்து அவருடைய முழங்கால் மேல் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் காலை எடுக்கவும் இல்லை. அப்படியே குறட்டை விட்டாள். கால் மரத்துப்போன பிறகும் அவர் அசையாமல் கிடந்தார்.

கடைசிக் குப்பியும் தீர்ந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் செம்பனை எண்ணெயே புகைந்தது. மறு வருஷம் ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் போகும்போது சொல்லாத மாதிரியே வரும்போதும் கூச்சப்படாமல் வந்தான். கடிகாரம் திரும்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது: அருந்ததி சுகம், உயரமாக வளர்ந்துவிட்டாள். ஞானாம்பிகை தந்தியைப் பிள்ளையாரின் காலடியில் வைத்தாள். பிள்ளையாரின் விளக்குக்குத் தேங்காயெண்ணெய் வந்தது. கணக்கு அத்தோடு தீர்ந்தது.

இன்னும் கொஞ்ச காலம் கழித்துச் சூலியா தெருவில் புதிதாக ஒரு டாக்டர் டிஸ்பென்சரி திறந்தார். முகம்மது கனி வெள்ளைக் கோட்டுக்குள் திரும்பினார். கப்பல் வந்துவிட்டது என்று சொல்லியனுப்பினார். விஸ்வலிங்கம் புறப்பட்டபோது ஞானாம்பிகை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் கனி எழுந்தார். “வாங்கம்மா. எத்தன வருசமாச்சு! அண்ணனுக்கு ஒடம்பு…”

“அவருக்கு வருத்தம் ஒண்டும் இல்லை, தம்பி” என்றாள் ஞானாம்பிகை. “எண்ணெய் முடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்.”

கனி விஸ்வலிங்கத்தைப் பார்த்தார். விஸ்வலிங்கம் மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனி அரத்தை எடுத்தார்.

வெளியே வந்து சிந்த்ரா தெருவில் நடந்தார்கள். மாடிச் சன்னல் ஒன்றில் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை ஒவ்வொரு வீடாக நிமிர்ந்து பார்த்தபடி, கோயில் கோபுரம் பார்க்கிற மாதிரி வந்தாள். தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“இதுதானோ?”

“இதுதான்.”

“ஒவ்வொரு முறையும் இதாலதான் நடந்து வந்தனீங்களோ?”

“ஓம்.”

“சூலியா தெருவால நேர போனாலும் பஸ் வருமே.”

விஸ்வலிங்கத்துக்கு ஊசி போட்ட இடம் வலித்தது. அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.